நடுத்திட்டுக்கு இன்னைக்குத் தண்ணி வருமா?

என் மாமா சின்னையன் குமராட்சிக்கும் நடுத்திட்டுக்கும் இடையே மினிபஸ் ஓட்டுகிறார். ஐம்பத்து மூன்று வயது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். என் அக்கா அமராவதியைக் கட்டியவர் என்பதைத் தவிர அவரிடம் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை என்றுதான் நான் ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைக்க எனக்குத் தகுதி இருப்பதாகவும் ஒரு நினைப்பு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாடி அறை ஒன்றைப் பிடித்து, கடைகளுக்கும் லாட்ஜுகளுக்கும் வெப்சைட் செய்து கொடுப்பவன் நான். ‘தேடினால் முதலில் வருவது நீங்கள்தான்’ என்று வாசலில் போர்டு மாட்டியிருந்தேன். போன மாதம் அதைக் கழற்றிவிட்டேன். ஏன் என்று கேட்டால் மாமாவின் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

நடுத்திட்டு கொள்ளிடத்துப் படுகையில் இருக்கிறது. அறுபது வீடு. மனிதர்களைவிட மாடு ஜாஸ்தி. ஊருக்குள் போக ஒரே ஒரு தரைப்பாலம். வருடத்தில் பத்து மாதம் அதன்மேல் ஆடு படுத்துக் கிடக்கும். மேலே அணையைத் திறந்துவிட்டால் மட்டும் பாலம் ஆற்றுக்குள் போய்விடும். பாலம் மூழ்குவதற்குள் வெளியே வந்துவிட்டால் தப்பித்தோம். வராதவர்கள் பள்ளிக்கூட மொட்டைமாடியில் ஒரு வாரம் படுத்துக்கொள்ளலாம். மாடுகள் மொட்டைமாடி ஏறாது. முன்பு ஒரு வெள்ளத்தில் பத்தொன்பது மாடுகள் கட்டிய கயிற்றோடு செத்தன. அதை அந்த ஊரில் யாரும் மறக்கவில்லை.

அதனால் ஆற்றில் தண்ணீர் திறந்தார்கள் என்றால் நடுத்திட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரே ஆளைத்தான் கேட்பார்கள். தினம் ஐந்து நடை அந்தப் பாலத்தைக் கடப்பவர் என் மாமா ஒருத்தர்தானே. ‘தண்ணி வந்துச்சாண்ணே?’ என்று உள்ளூரிலிருந்து கேட்பார்கள், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் பிள்ளைகள் கேட்பார்கள், துபாயிலிருந்து கேட்பார்கள். ஒரு கையில் ஸ்டீயரிங், ஒரு கையில் போன். அக்கா ஒருநாள் அழுதே விட்டாள். அதன்பிறகுதான் மாமா என் கடைக்கு வந்தார். ஏழு வருடம் இருக்கும்.

“மச்சான், எனக்கு ஒரு வெப்சைட் போட்டுக் குடு. கேக்கறவங்க அதுல பாத்துக்கட்டும். நான் வண்டிய ஓட்டறேன்.”

“வெப்சைட்டெல்லாம் எதுக்கு மாமா? வாட்ஸ்அப்ல குரூப் ஆரம்பிங்க, போதும்.”

“அந்தக் குரூப்ல தண்ணியப் பத்தி எவன் பேசுவான்? காலைல ரோசாப்பூ, மத்தியானம் கட்சிச் சண்ட. எனக்கு அது வேணாம்.”

சிரித்துக்கொண்டே செய்து கொடுத்தேன். ‘தண்ணி வந்துச்சா’ என்றே பெயர் வைக்கச் சொன்னார். இந்தப் பெயரை யார் தேடுவார்கள் என்று நான் உள்ளுக்குள் கேலி செய்தேன். எல்லோரும் தேடினார்கள். கேட்பவன் வாயில் வருகிற வார்த்தையே அதுதான் என்பது எனக்கு உறைக்கவில்லை, பஸ் டிரைவருக்குத் தெரிந்திருந்தது.

அவர் எழுதும் முறையே தனி. ஒவ்வொரு நடையிலும் தரைப்பாலத்தின் நட்டநடுவில் பஸ்ஸை நிறுத்துவார். கதவைத் திறந்து, தண்ணீர் பஸ்ஸின் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்ப்பார். முதல் படி நனைந்தால் பஸ் போகும். இரண்டாவது படிக்கு வந்தால் பஸ் நின்றுவிடும், மாட்டை அவிழ்த்தாக வேண்டும். அதற்கு மேல் வருமென்றால் ஆளும் கிளம்ப வேண்டும். இத்தனை ஆயிரம் கன அடி என்று டிவியில் சொல்வார்கள். அந்தக் கணக்கு நடுத்திட்டில் யாருக்கும் புரிந்ததில்லை. படி எல்லோருக்கும் தெரியும், தினம் ஏறி இறங்குகிற படி. ஆற்றுக்கு மேலே இருக்கும் கீழணையில் எவ்வளவு திறந்தால் ஏழெட்டு மணி நேரம் கழித்துப் பாலத்தில் எந்தப் படிக்கு வரும் என்று அவர் மனதில் ஒரு கணக்கு வைத்திருந்தார். அது தப்பி நான் பார்த்ததில்லை.

முதல் வெள்ளத்தில் நாலே நாளில் ஆறாயிரம் பேர் வந்து பார்த்தார்கள். நான் வாயைப் பிளந்தேன். சிதம்பரத்து லாட்ஜுக்காக மூன்று மாதம் முட்டி மோதியும் எனக்கு அதில் கால்வாசி கிடைக்கவில்லை. மாமாவுக்கு அந்த எண்ணிக்கையைப் பார்ப்பதில் ஒரு கிறுக்கே பிடித்தது. டீக்கடையில் உட்கார்ந்து, ‘இன்னைக்கு முந்நூறு பேரு மச்சான்’ என்று போன் செய்வார். பஸ்ஸில் ஏறிய ஆட்கள் மாதிரியே அவர்களையும் நினைத்துக்கொண்டார்.

இரண்டு வருடமாகக் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. மாமாவுக்கு மட்டுமல்ல, என் வாடிக்கையாளர் எல்லோருக்கும் இதே கதி. ஜனங்கள் போனில் கேட்கிறார்கள். போன் தானே நாலு இடத்தில் படித்து, ஒரு பதிலை எடுத்து மேலே வைத்துவிடுகிறது, வாய்விட்டும் சொல்கிறது. பதில் கிடைத்தபிறகு எந்த மடையன் வெப்சைட்டுக்குள் வருவான்? இதையெல்லாம் வாடிக்கையாளர்களிடம் பக்கம் பக்கமாகப் பேசினேன். சொந்த மாமாவிடம் சொல்லத் தோன்றவில்லை. இந்தப் புதுச் சாமான் போயும் போயும் ஒரு மினிபஸ் டிரைவர் எழுதியதைப் படிக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் புத்தி அவ்வளவுதான்.

இந்த வருடம் சித்திரையில் மாமா போன் செய்தார். “போன மாசம் மொத்தமே பதினோரு பேரு மச்சான். பஸ்ல கூட யாரும் என்னக் கேக்கறதில்ல. வேற யாரோ நல்லா எழுதறாங்க போலருக்கு. நான் எதுக்கு இன்னும்?”

“விட்டுடுங்க மாமா,” என்றேன். அந்த வார்த்தையைச் சொன்னது நான்தான். அவர் அன்றோடு எழுதுவதை நிறுத்திவிட்டார்.

ஆகஸ்டில் கொள்ளிடத்தில் தண்ணீர் வந்தது. அன்று புதன்கிழமை. நான் சிதம்பரத்தில், கீழ வீதியில் லாட்ஜ் வைத்திருக்கும் தட்சிணாமூர்த்தியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ‘யாரும் வந்து பார்க்காத வெப்சைட்டுக்கு உனக்கு எதுக்குய்யா வருசா வருசம் பணம்?’ என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி. பதில் தேடித் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது மாமாவின் போன் வந்தது.

நடந்தது இது. காலை பதினொன்றரை மணி நடைக்குக் குமராட்சியில் கொளஞ்சி பஸ் ஏறினாள். நடுத்திட்டில் நாலு கறவை மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள். கீழணையில் காலையில் கூடுதலாகத் திறந்துவிட்டார்கள் என்று மாமா கேள்விப்பட்டிருந்தார். அவருடைய கணக்குப்படி சாயங்காலம் ஆறு மணிக்குள் தண்ணீர் இரண்டாவது படியைத் தாண்டும். அதனால் கொளஞ்சியிடம், “மாட்டையெல்லாம் கரைக்கு ஓட்டிட்டியாம்மா?” என்று கேட்டார்.

“எதுக்குண்ணே? இன்னைக்கு வராதாம். போன்ல கேட்டேன்.”

“போன்ல யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. போனே சொல்லிச்சி.” அவள் போனை எடுத்து வாயருகில் வைத்து, ‘நடுத்திட்டுக்கு இன்னைக்குத் தண்ணி வருமா’ என்று கேட்டாள். போன் ஒரு பெண் குரலில் கணீரென்று சொன்னது: ‘நடுத்திட்டுக்கு இன்னைக்குத் தண்ணி வராது. பாலத்துல மொத படி நனையும், அவ்வளவுதான். மாட்ட அவுக்க வேணாம். பயப்படாதீங்க.’

மாமா பஸ்ஸை ஓரம் கட்டி நிறுத்திவிட்டார். அது அவருடைய வார்த்தை. எழுத்து மாறாமல் அவருடையது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில், இதே கேள்வியைத் தலைப்பாக வைத்து அவர் எழுதியது. அன்றைக்கு அது சத்தியமான உண்மை. தேதி எழுதவில்லை. மாமா ஒருநாளும் வரிக்குள் தேதி எழுதியதில்லை. பஸ்ஸில் ஏறுகிறவனிடம் யாராவது இன்று என்ன தேதி என்று சொல்வார்களா? பக்கத்தின் உச்சியில் சின்ன எழுத்தில் தேதி இருந்தது. பக்கத்துக்கு வருகிறவனுக்குத்தானே அது தெரியும்?

“மச்சான், என் பேச்ச எடுத்து அது சொல்லுது. நான் பேசறத யாரும் கேக்கலன்னு நெனச்சேனே, ஊரே கேட்டுக்கிட்டு இருந்திருக்குது. இப்ப என் பேச்ச நம்பி மாட்ட கட்டிவச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்க. அத நிறுத்து மச்சான். ஒடனே நிறுத்து.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயத்தில் பாதி, பிரமிப்பில் பாதி. எத்தனை கோடிப் பக்கங்கள் உலகத்தில் கிடக்கின்றன! அத்தனையிலும் துழாவி, குமராட்சிப் பக்கத்து மினிபஸ் டிரைவரின் வாயை அது கண்டுபிடித்திருக்கிறது. என் அறுபது வாடிக்கையாளருக்கும் காசு வாங்கிக்கொண்டு நான் செய்ய முடியாததை, காசே வாங்காமல் அவர் செய்திருக்கிறார். அவருக்கே தெரியாது.

“நிறுத்த முடியாது மாமா. அழிச்சாலும் அதுகிட்ட பழசு ஞாபகம் இருக்கும். புதுசா எழுதணும். அது எடுத்துக்கற மாதிரி எழுதணும்.”

லாட்ஜ் வரவேற்பு மேஜையிலேயே கம்ப்யூட்டரைத் திறந்தேன். தட்சிணாமூர்த்தி என்னவோ கேட்டார், கையமர்த்தினேன். தொழில்காரன் இல்லையா, ‘கொள்ளிடம் வெள்ளப்பெருக்கு: முக்கிய அறிவிப்பு’ என்று தடபுடலாகத் தலைப்பு அடித்து மாமாவுக்குப் படித்துக் காட்டினேன்.

“யாரு மச்சான் இப்படிக் கேப்பாங்க? கொளஞ்சி எப்படிக் கேட்டா? அப்படியே வை.”

மூக்கு உடைந்தது. அப்படியே வைத்தேன். “சரி, பதில நீங்க சொல்லுங்க மாமா. ஆனா ஒண்ணு. அது ஒரே ஒரு வரியத்தான் பிச்சி எடுக்கும். அந்த வரி தனியா நிக்கணும். எந்த ஊரு, என்னைக்கு, எத்தன மணி, எல்லாம் அதுக்குள்ளயே இருக்கணும்.”

“டிக்கெட் மாதிரி,” என்றார் மாமா.

“என்னது?”

“புக்குல இருந்து ஒரு சீட்டக் கிழிச்சிக் குடுத்தா, அதுல எல்லாம் இருக்கணும். அட்டையில இருக்குது போய்ப் பாருன்னு சொல்ல முடியாது. எழுதிக்க.”

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். எந்த வகுப்பிலும் எனக்கு இதை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பழைய வரியிலும், அது எந்த வருடத்து எந்த நாள் என்று வரிக்குள்ளேயே சேர்த்தேன். பக்கத்தை மறுபடி படிக்கச் சொல்லித் தேடல் கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டேன். மணி பன்னிரண்டு ஐம்பது. போனில் கேட்டேன். ‘இன்னைக்குத் தண்ணி வராது. பயப்படாதீங்க.’

ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் கேட்டேன். ‘பயப்படாதீங்க, பயப்படாதீங்க’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. தட்சிணாமூர்த்தி சண்டையை மறந்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தன் போனிலும் கேட்க ஆரம்பித்தார். அதுவும் பயப்படாதே என்றது.

மாமா காத்திருக்கவில்லை. பஸ்ஸை எடுத்துக்கொண்டு நடுத்திட்டுக்கே போய்விட்டார். அங்கே நடந்ததைக் கண்டக்டர் அன்பரசு பிறகு எனக்குச் சொன்னான். ஊருக்குள் நுழைந்ததிலிருந்து கையை ஹாரனிலிருந்து எடுக்கவில்லையாம். கோயில் முன்னால் நிறுத்தி, ‘மாட்ட அவுங்க, ஆறு மணிக்குள்ள தண்ணி வருது’ என்று கத்தினார். காலையிலேயே அறிவிப்பு வேன் வந்து, தாழ்வான பகுதி மக்கள் எச்சரிக்கையாக இருக்கும்படி சொல்லிவிட்டுத்தான் போயிருந்தது. தாழ்வான பகுதி என்றால் ஒவ்வொருவருக்கும் அது பக்கத்துத் தெரு.

“போன்லயே வராதுன்னு போட்டிருக்குது. நீ எதுக்குண்ணே ஊரக் கலைக்கற?” என்று ஒருவன் கேட்டான்.

“அது நான் சொன்னதுடா!”

“நீ சொன்னியா? போனுக்கா?” எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

“நான்தான்டா அது! ரெண்டு வருசத்துக்கு முன்னால நான் எழுதினது! இப்ப நானே வந்து சொல்றேன், வருது!”

அன்பரசு சொன்னான்: “அண்ணன் கண்ணுல தண்ணி வந்துடுச்சி. ஒருத்தரும் நம்பல. வயசாயிடுச்சி, வெயில்ல வண்டி ஓட்டி ஓட்டி இப்படி ஆயிடுச்சின்னு ஒரு கெழவி சொல்லிச்சி.” மாமாவின் வாக்கு அத்தனை பேருடைய கையிலும் இருந்தது. அதன்மேல் அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. அதைச் சொன்ன ஆள் எதிரே நின்று மன்றாடுகிறார், அவரை நம்ப ஆள் இல்லை. நாலு மணி நேரம்தான் இருந்தது.

மாமா வேறு வழியில்லாமல் கொளஞ்சி வீட்டுக்குப் போய், கேட்காமலே அவள் மாட்டின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். அவள் ஓடிவந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். சினைமாடு, வெயிலில் நடத்தக்கூடாது என்று சண்டை போட்டாள். “மறுபடி கேளும்மா,” என்று மாமா கெஞ்சினார். “உன் போனையே இன்னொரு தபா கேளு.” கேட்டாள். வராது என்றது. “இன்னொரு தபா.” வராது. ஊர் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. மாமா கயிற்றை விடவில்லை, அவளும் விடவில்லை.

இங்கே கீழ வீதியில் நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன். இதெல்லாம் மாற சில சமயம் ஒரு நாள் ஆகும், சில சமயம் வாரக்கணக்கில் ஆகும். மாமாவிடம் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மூன்று மணி பத்து நிமிடத்துக்குத் தட்சிணாமூர்த்தியின் போன் முதலில் பேசியது. அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். ஏன் அந்த நேரத்தில் மாறியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்ள வாய் வரவில்லை.

அதே நேரம் நடுத்திட்டில், மாட்டுக்கயிற்றின் ஒரு முனையில் மாமாவும் மறுமுனையில் கொளஞ்சியும் நிற்க, அவள் கையிலிருந்த போன் அத்தனை பேர் முன்னாலும் சொன்னது: ‘ஆகஸ்ட் இருபதாம் தேதி புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள நடுத்திட்டுத் தரைப்பாலத்துல தண்ணி ரெண்டாவது படியத் தாண்டும். ஆகஸ்ட் இருபதாம் தேதி நடுத்திட்டுக்காரங்க இப்பவே மாட்ட அவுத்துக் கரைக்கு ஓட்டுங்க.’

ஊரே அவரவர் தொழுவத்துக்கு ஓடியதாம்.

“பாத்தியாண்ணே,” என்றாளாம் கொளஞ்சி, தானே முடிச்சை அவிழ்த்துக்கொண்டு. “நீ சொன்னது சரிதான். போனே சொல்லிடுச்சி.”

நான் பைக்கை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது ஐந்தரை மணி. ஆற்றங்கரை முழுக்க மாடுகள். கன்றுகள் தாயைத் தேடிக் கத்திக்கொண்டிருந்தன. மாமா ஒரு கல்லில் தனியாக உட்கார்ந்து பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் அவசரமே இல்லாமல் வந்தது. பாலத்தின் ஓரக் கற்கள் முதலில் போயின, பிறகு பாலமே போனது. ஐந்து ஐம்பதுக்கு அங்கே பாலம் இருந்ததற்கு அடையாளம் இல்லை. எதிரே நடுத்திட்டில் மாடு இல்லாத தொழுவங்களுக்குள் செம்மண் நிறத்தில் தண்ணீர் நுழைந்தது. நான் கைகூப்பிவிட்டேன். எதைக் கும்பிட்டேன் என்று கேட்டால் தெரியாது. ஆற்றையா, அந்தக் குரலையா, பக்கத்தில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்த மனிதரையா?

கொளஞ்சி தன் மாட்டைப் பிடித்தபடி வந்தாள். சினைமாட்டின் வயிற்றைத் தடவிக்கொடுத்துக்கொண்டே கேட்டாள், “ஏண்ணே, அந்தப் போனுக்கு இதெல்லாம் யாரு சொல்லித் தராங்க? நம்ம பாலத்தப் பத்தி, நம்ம மாட்டப் பத்தி அதுக்கு எப்படித் தெரியும்? யாரோ நம்ம பக்கத்து ஆளாத்தான் இருக்கணும். அந்த மகராசன் நல்லா இருக்கணும்.”

இப்போதாவது சொல்லுங்கள் என்று நான் மாமாவின் தோளைத் தொட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

“காலைல வராதுன்னு சொன்னவனும் அவன்தாம்மா,” என்றார்.

“சொன்னா என்னண்ணே? மனுசன்னா தப்பா சொல்லாமயா இருப்பான்? மாடு சாவறதுக்கு முன்னால திருத்திச் சொல்லிட்டான் இல்ல. அது போதும்.”

மாமா முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு எழுந்து, கரையில் உட்கார்ந்திருந்த கிழங்கட்டைகளைக் குமராட்சிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட பஸ்ஸை எடுத்தார்.